பிரேசிலில் உறைபனி, ஏற்காட்டில் கணக்கு

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு பார்க்கிறேன். என் தாத்தா இதே மலையில் இன்னொரு எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் என்கிற ஆள் வருகை, கூலிப் பதிவேடு எழுதிய கை. எண்பதைத் தாண்டிய பிறகும் மளிகைச் சீட்டைக்கூடக் கோடு போட்டுத்தான் எழுதுவார். உலகமயமாக்கல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று டிவியில் யாராவது பேசினால் அவருக்குச் சிரிப்பு வரும். “சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை 1820-கள்ல இங்க காபிச் செடி கொண்டாந்து வச்சாரே, அப்பவே வந்திருச்சு கண்ணு” என்பார்.

அது சரிதான். அவர் வேலை பார்த்த காலத்திலும் இந்த மலைக் காபி கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என்ன விலைக்குப் போகிறது என்று எஸ்டேட்டில் யாருக்கும் தெரியாது. விளைந்ததை அரசின் காபி போர்டு நடத்திய பூல் என்ற பொதுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும், சட்டம் அப்படி. தரம் பார்த்துப் புள்ளி போடுவார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று பணம் தவணை தவணையாக வரும். கடைசித் தவணை கைக்கு வருவதற்குள் அடுத்த பறிப்பே முடிந்திருக்குமாம். 1975-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து காபிச் செடிகள் கருகின. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலை எகிறியது. அந்தச் சேதி உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். “இப்ப நீ சொல்லித்தான்” என்றார்.

1990-களின் தொடக்கத்தில் அரசு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-இல் பூலே இல்லை என்றானது. இடையில், 1994-இல், பிரேசிலில் மறுபடி உறைபனி. இந்த முறை லாபம் நேராக மலையேறி வந்தது. தாத்தாவின் முதலாளி பழத்தோல் உரிக்கிற பழைய பல்பர் இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதிது போட்டார். தாத்தாவுக்கும் போனஸ் கனமாகக் கிடைத்தது. அப்புறம் நஷ்டமும் அதே வழியில் வந்தது. வியட்நாம் ரொபஸ்டா என்ற மலிவு ரகக் காபியைக் கொட்டிக் குவித்ததில், 2001 கடைசியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ரகக் காபியின் விலை பவுண்டு எடைக்கு (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) அரை டாலருக்கும் கீழே இறங்கியது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. என் அப்பா சேலத்துக்கு இறங்கி வேலை தேடியது அந்தச் சமயத்தில்தான்.

இப்போது மதியச் சாப்பாட்டுக்கு மேல் என் போனில் நியூயார்க் சந்தை விலை ஓடத் தொடங்கும். வியாபாரி கையிலும் அதே எண், என் கையிலும் அதே எண். பேரம் பேசுவதில் பழைய சுவாரசியம் இல்லை. தாத்தா மார்ச், ஏப்ரலில் பூ மழைக்காக, அதாவது காபி பூக்க வேண்டிய மழைக்காக மட்டும் வானத்தைப் பார்த்தார். நான் அதையும் பார்த்துவிட்டு, பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் மழை பெய்ததா என்றும் பார்க்கிறேன். அங்கே நல்ல மழை என்றால் விளைச்சல் கூடி இங்கே விலை சரியும். முகம் தெரியாத ஊரில் மழை வேண்டாம் என்று நினைக்க ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

போதாததற்கு ஐரோப்பா. 2020-க்குப் பிறகு காட்டை அழித்து விளைவித்த காபி அங்கே நுழையக் கூடாது என்று 2023-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அமலைத் தள்ளித் தள்ளி வைத்தாலும், வாங்குபவர்கள் தோட்டத்தின் வரைபடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான்கு ஹெக்டேருக்கு மேல் இருந்தால் எல்லை முழுவதையும் புள்ளி புள்ளியாகக் குறிக்க வேண்டும். போனைப் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்தேன். சில்வர் ஓக் நிழலுக்குள் போனதும் ஜிபிஎஸ் தடுமாறியது. வரைபடத்தில் கோடு ஓடையைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய் வந்தது. தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “ஓடைக்கு மேப்புறம் பலா மரத்தடியில சர்வே கல்லு இருக்கும், தழைய ஒதுக்கிப் பாரு” என்றார். இருந்தது. அதை வைத்துத்தான் கோட்டைத் திருத்தி அனுப்பினேன்.

பறிப்பு மட்டும் மாறவில்லை. பழுத்ததைப் பார்த்துப் பறிக்கிற இயந்திரம் எதுவும் இந்தச் சரிவில் ஏறவில்லை. கைகள்தான் மாறியிருக்கின்றன. உள்ளூர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட, சீசனுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தாத்தா சனிக்கிழமைதோறும் சில்லறை எண்ணிக் கொடுத்த கூலி இப்போது வங்கிக் கணக்கில் ஏறுகிறது.

அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் காபி விலை பவுண்டு எடைக்கு நான்கு டாலரைத் தாண்டிய வாரம், எடை போடும் இடத்தில் ஒரு பெண் உடைந்த தமிழில் கேட்டார்: “காபி ரேட் ஏறிச்சு, எங்க ரேட் ஏறலையா சார்?” தாத்தாவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை, கேட்க அவர்களுக்கு விலை தெரிந்திருக்காது, அவருக்கும்தான். முதலாளியிடம் எடுத்துப் போனேன். கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டார், விலை இறங்கினால் கூலியும் இறங்கும் என்ற நிபந்தனையோடு. பறிப்பவர்கள் அதை ஏற்கவில்லை. தாத்தாவும் அவர்கள் பக்கம்தான். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் இந்தப் பேச்சு மறுபடி எழுகிறது, நடுவில் நிற்பது நான்தான்.