ஜாம் போத்தலும் பெற்றோல்மாக்சும்

1993இல் நாங்கள் உயர்தர வகுப்பு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய் வருடக்கணக்கு, மண்ணெண்ணெய் யானை விலை, பற்றரிக்கும் தடை. அந்த இருட்டில் தெரிந்த வானத்தை இலண்டனில் இத்தனை வருடம் இருந்தும் நான் ஒருநாள்கூடக் கண்டதில்லை.

எங்கள் பௌதிகவியல் சேர் (எங்கள் பிரிவுக்காரருக்கு யாரென்று தெரியும்) மாலை வகுப்பு முடிந்ததும் எங்களை முற்றத்தில் நிறுத்திவைத்து வானத்தைப் பார்க்கச் சொல்வார். நட்சத்திரத்துக்கு எண் கொடுப்பது வகுப்பில் பிள்ளைகளுக்கு இடம் போடுவது மாதிரித்தான் என்றார்: பிரகாசமானது முதலாம் பிள்ளை, கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிவது ஆறாம் பிள்ளை. பழங்கால வானியலாளர் தொலமியின் நட்சத்திரப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. எண் கூடக்கூட வெளிச்சம் குறையும் என்பதை அதன்பிறகு நான் மறக்கவேயில்லை. 1856இல் நோர்மன் பொக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் இதைக் கணக்காக்கினார். 5 எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு, அப்படியானால் ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 2.512 மடங்கு. முதலாம் பிள்ளையை விடவும் கெட்டிக்காரர் இருந்தபடியால் எண் பூச்சியத்துக்குக் கீழேயும் போனது: இரவு வானத்தில் எல்லாவற்றிலும் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் −1.46, முழுநிலா ஏறத்தாழ −12.7, சூரியன் −26.7. இந்தப் பொக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891இல் இறக்கும்வரை அங்கேயே வேலை செய்தவர் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். சேருக்கு எழுதினேன், அவருக்குப் பெரிய சந்தோசம்.

ஒருநாள் சேர் ஒரு ஜாம் போத்தல் விளக்கைக் கிட்டக் கிணற்றடியிலும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பெற்றோல்மாக்சை ஒழுங்கையின் அந்தத் தொங்கலிலும் வைத்துவிட்டு, எது பிரகாசம் என்று கேட்டார். கிட்ட இருந்தபடியால் எல்லோரும் ஜாம் போத்தல் என்றோம். தெற்கே அகத்தியர் என்ற நட்சத்திரத்தை (கனோபஸ்) காட்டினார், கண்ணுக்கு அது சிரியஸை விட மங்கல். சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தூரத்தில், அகத்தியர் ஏறக்குறைய 310 ஒளியாண்டுத் தூரத்தில். இரண்டையும் ஒரே தூரத்தில், அதாவது 32.6 ஒளியாண்டில் வைத்துப் பார்த்தால் சிரியஸ் 1.4, அகத்தியர் −5.6 அளவு, எங்கள் சூரியன் வெறும் 4.8. உண்மையான வெளிச்சத்தை வானியலாளர்கள் ஒப்பிடுவது அப்படித்தான். சூரியன் அவ்வளவு மங்கலா என்று அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

அப்புறம் கண்ணால் அளக்கவும் பழக்கினார். எண் தெரிந்த இரண்டு நட்சத்திரத்தை எடு, ஒன்று கூடினது, மற்றது குறைந்தது, உன்னுடையது இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கவேண்டும், அடிவானத்துக்குக் கிட்டப் போனால் காற்று வெளிச்சத்தைத் தின்றுவிடும். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்காதே, பார்க்கப் பார்க்கக் கூடின மாதிரித் தெரியும். இப்போது தொலைநோக்கியில் கமராவும் நிறவடியும் பூட்டி நூறில் ஒரு பங்கு எண்வரை அளக்கிறார்கள், ஆனால் அங்கேயும் எண் தெரிந்த நட்சத்திரத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள்.

2020 மாசியில் இங்கே வீட்டுப் பின்வளவில் நின்று திருவாதிரையைப் பார்த்தபோது அந்த முற்றம்தான் நினைவுக்கு வந்தது. வழமையாக 0.5 அளவில் இருப்பது, அன்றைக்குப் பக்கத்து நட்சத்திரமான பெல்லாட்ரிக்ஸ் அளவுதான் இருந்தது, 1.6. வழமையான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அது தானே கக்கிய தூசு மறைத்ததாகப் பின்னர் கண்டார்கள். கருவி எதுவும் இல்லாமல், சேர் பழக்கின கண்ணால் நானே அதை அளந்தேன் என்பது எனக்குப் பெரிய விசயம்.

அகத்தியர் இலண்டனில் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. போன முறை தை மாதம் ஊருக்குப் போனபோது சேர் வீட்டில் இரவு பதினொரு மணிவரை இருந்து பார்த்துவிட்டு வந்தேன். இப்போது ஒழுங்கை முழுக்க லைட். சேர் கதிரையில் இருந்தபடியே, "எத்தனை வரைக்கும் தெரியுது?" என்று கேட்டார்.

"நாலு மட்டும்தான் சேர்" என்றேன்.