சுவரில் கர்னாக்: மெட்டல் பிரிண்ட் போடக் கொடுப்பதற்கு முன்

பண்டைய எகிப்தின் புகைப்படம் எதுவானாலும் மெட்டலில், அதாவது அலுமினியத் தகட்டில், அச்சிட்டால் எடுபடும் என்று நினைத்துவிட வேண்டாம். உச்சி வெயிலில் எடுத்த பிரமிடு, தகட்டில் ஒரு மஞ்சள் முக்கோணமாகத்தான் வந்து நிற்கும். கல்லுக்கு உருவம் தருவது நிழல். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்துப் படமாகப் பாருங்கள். சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்ஸ் சிலை கிழக்கு நோக்கிப் படுத்திருப்பதால் பிற்பகலில் அதன் முகம் நிழலுக்குள் போய்விடும். காலைப் படம்தான் தேறும்.

பிரமிடைவிட மெட்டலுக்குப் பொருத்தமானவை கோயில் சுவர்கள். வெயில் படும் வெளிச்சுவர்களில் பெரும்பாலும் உருவங்களைப் புடைப்பாக விடாமல் கல்லுக்குள் குழித்துச் செதுக்கியிருப்பார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தக் குழியின் ஒரு ஓரம் மை தீட்டியதுபோல் கறுக்கும், எதிர் ஓரம் பளிச்சிடும். எகிப்தின் கர்னாக் கோயிலில் உள்ள 134 தூண் மண்டபமும் அப்படித்தான். நடுவரிசைத் தூண்கள் 12-உம் சுமார் 21 மீட்டர் உயரம்; அவற்றின் இடையே விழும் ஒளிக்கீற்று உள்ள படம் கிடைத்தால் விடாதீர்கள்.

படம் தகட்டில் ஏறும் விதம் தெரிந்திருந்தால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். முதலில் ஒரு தாளில் இடவலம் மாற்றி அச்சிடுவார்கள். பாலிமர் பூச்சு உள்ள அலுமினியத் தகட்டில் அந்தத் தாளைக் கவிழ்த்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். இந்த மையில் வெள்ளை நிறம் கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது தகட்டின் வெள்ளை அடிப்பூச்சுதான். அடிப்பூச்சு இல்லாத தகடு வாங்கினால் வெளிச்சமான இடமெல்லாம் வெள்ளியாக மின்னும். கறுப்பு வெள்ளைத் தூண் படத்துக்கு அது அழகு. பாலைவன மணலுக்கோ, எகிப்திய ராணி நெஃபர்தாரி கல்லறையின் வண்ண ஓவியத்துக்கோ அதைப் போட்டால் நிறம் செத்துவிடும்.

தாளில் இடவலம் மாற்ற மறந்துவிட்டால் தகட்டில் படம் திரும்பி வரும். பிரமிடில் அது தெரியவே தெரியாது. எழுத்தை வைத்தும் எளிதில் பிடிக்க முடியாது, ஏனென்றால் எகிப்தியச் சித்திர எழுத்தை இரு திசையிலும் எழுதினார்கள். கட்டடத்தைத்தான் பார்க்க வேண்டும். லக்சர் கோயில் வாசலை நோக்கி நின்றால் மிஞ்சியிருக்கும் ஒற்றைக்கல் தூண் இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கத்துத் தூண் பாரிஸில் 1836 முதல் நிற்கிறது. அபு சிம்பெல் பெரிய கோயிலின் நான்கு சிலைகளில் மேற்பாதி உடைந்தது வாசலுக்கு இடப்பக்கத்துச் சிலை. வலப்பக்கம் உடைந்திருந்தால் தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சோபாவுக்குப் பொருந்துகிறது என்று நீங்களே படத்தைத் திருப்பிப் போடுவதும் இதே தப்புதான்.

கோப்பு அளவு: 90×60 செ.மீ. தகட்டுக்கு 6000×4000 பிக்சல் படம் அங்குலத்துக்கு 169 பிக்சல் தரும். இரண்டு மீட்டர் தள்ளிப் பார்க்க அது தாராளம். மேஜைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிற சிறு தகட்டுக்கு 300 வேண்டும். எகிப்துப் படங்களில் மேகமில்லாத வானம் அதிகம். அதிகமாகச் சுருக்கிய ஜேபெக் கொடுத்தால் அந்த நீலம் பட்டை பட்டையாகப் பிரியும், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகக் கொடுங்கள். மஞ்சளின் செறிவைக் கொஞ்சம் குறைத்து அனுப்புவதும் நல்லது. திரையில் சரியாகத் தெரியும் மணற்கல், பளபளப்புத் தகட்டில் ஆரஞ்சாகிவிடும். ஓரத்தில் சில மில்லிமீட்டர் வெட்டுப்படும் என்பதால் பிரமிடின் நுனியை விளிம்பை ஒட்டி வைக்காதீர்கள்.

ஒரே படத்தை மூன்று தகடாகப் பிரிப்பவர்கள் இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை. கிசாவின் பெரிய பிரமிடை நேர் எதிரே நின்று எடுத்தால் அதன் சாய்வு ஏறத்தாழ 52 டிகிரி. தகடுகளுக்கு இடையே 4 செ.மீ. விட்டு, படத்தில் அந்த 4 செ.மீ. துண்டை நீக்காமல் அச்சிட்டால், சாய்வுக் கோடு அடுத்த தகட்டில் சுமார் 5 செ.மீ. தள்ளி நிற்கும். பிரமிடு விரிசல் விட்டதுபோல் இருக்கும்.

பளபளப்பா, மினுக்கமில்லாத மேட்டா என்று முடிவு செய்ய ஒரு சோதனை போதும். கண்ணாடி போட்ட பழைய போட்டோ பிரேம் ஒன்றை, மாட்டப்போகும் இடத்தில் பகலில் ஒரு தடவை, இரவில் விளக்கைப் போட்டு ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். ஜன்னலோ டிவியோ அதில் தெரிந்தால் மேட் எடுங்கள். இருண்ட கல்லறைப் படத்தைப் பளபளப்பில் போட்டால் பாரோ மன்னனுக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும். படத்துக்கென்று விளக்கு வைப்பதானால் மேலிருந்து, சுவரோடு 30 டிகிரி கோணத்தில் விழட்டும். 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள், ஒளி சுண்ணாம்புக்கல்லுக்கு இதமானது. நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், சாயம் வெளுக்கும்.

1.1 மி.மீ. கனமுள்ள 90×60 தகடு 1.6 கிலோதான் இருக்கும். பின்சட்டம் தகட்டைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. தள்ளி நிறுத்தும். எடை குறைவு என்று ஒற்றை ஆணியில் மாட்டினால், கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் தகடு கொஞ்சம் சாயும், தொடுவானம் இருக்கிற பாலைவனப் படத்தில் அது உடனே கண்ணை உறுத்தும். 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. சோபாவுக்கு மேலே என்றால் முதுகுப்பலகைக்கும் தகட்டுக்கும் 15, 20 செ.மீ. விட்டால் போதும். குளியலறையில் ஈரத்தால் அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகாது. பின்சட்டம் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையாக இருந்தால் அது ஊதிப் பசையைப் பெயர்த்துவிடும். அங்கே அலுமினியச் சட்டமாகக் கேளுங்கள்.

தகட்டைத் தூக்கும்போது மூலையைத் தரையில் ஊன்றாதீர்கள். மடங்கிய மூலையை நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும். தகட்டை மாட்டிய கையோடு அதன் பாதுகாப்புப் படலத்தை உரித்துவிடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் பசை தகட்டிலேயே தங்கிவிடும்.