அமாவாசைக் கமிட்டி

புது வருடக் காலண்டர் கைக்கு வந்ததும் ஊரில் எல்லாரும் முதலில் தேடுவது முகூர்த்த நாளை. நான் தேடுவது அமாவாசையை. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் ஜெராக்ஸ் மெஷின் சூடாகிற நேரத்தில் 2026-ன் 12 அமாவாசைக்கும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்த பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அப்பாவுக்குத் திதியா?"

"இல்லம்மா, அவரு நல்லாத்தான் இருக்காரு. இது ராத்திரி காட்டுப்பக்கம் போறதுக்கு."

நட்சத்திரம் பார்க்க என்று சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா படியிறங்கிவிட்டார். மீதிச் சில்லறை மூன்று ரூபாய் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

கொடைக்கானலில் எங்களுக்கு ஒரு வானம் பார்க்கும் சங்கம் உண்டு. போர்டு கிடையாது, பதிவு கிடையாது. கணக்குக்கு ஒன்பது பேர். மேகமில்லாத ராத்திரி என்றால் ஆறு பேர் வருவார்கள். குளிர் என்றால் நாலு. ஓய்வுபெற்ற பிசிக்ஸ் மாஸ்டர்தான் தலைவர். ஜீப் ஓட்டுகிற அண்ணன் பொருளாளர், டீசல் அவர் கைக்காசு என்பதால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அப்புறம் ஒரு நர்ஸ் அக்கா, ஒரு காலேஜ் தம்பி. பிரிண்டர் என்னிடம் இருக்கிற ஒரே தகுதியில் நான் செயலாளர்.

கொடைக்கானல்காரன் வானம் பார்க்கிறேன் என்று வெளியூரில் சொன்னால், "ஓ, அப்சர்வேட்டரியில வேலையா?" என்பார்கள். அது வேறு. அது சூரியனுக்கான இடம். 1899-ல் மெட்ராஸிலிருந்து மலையேறி வந்தது. சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-ல் எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி கண்டுபிடித்தது இங்கேதான். உலகம் முழுக்க இன்றைக்கும் அதற்கு அவர் பேர்தான். ஆனால் அங்கே பகல் டூட்டி. எங்களுக்கு நைட் டூட்டி, சம்பளம் கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் உண்டு.

ஜனவரி முதல் வாரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வருடக் கூட்டம் போட்டோம். மாஸ்டர் ஒரு முழு வெள்ளைத்தாளில் வருடத் திட்டத்தை எழுதிக் கொண்டு வந்திருந்தார். அவர் வானத்தைப் பார்த்து எழுதியிருந்தார். ஜீப் அண்ணனோ மலையைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

"ஏப்ரல், மே…"

"சீசன் சார். வத்தலக்குண்டு ரோட்டுல லைட்டு வரிசை கட்டி ஏறும். ஏரியச் சுத்திப் பகல் மாதிரி இருக்கும்."

"சரி, ஜூன் 9. மேற்கே வெள்ளியும் வியாழனும் கிட்டக் கிட்ட நிக்கும். கண்ணாலயே பாக்கலாம்."

"ஜூன்ல மேற்கே நிக்கிறது மேகம் ஒண்ணுதான்."

ஆகஸ்ட் 12-ஐச் சொல்லும்போது மாஸ்டரின் குரலே மாறியது. ஆடி அமாவாசை. அதே ராத்திரிதான் பெர்சீட் எரிகற்கள் உச்சத்துக்கு வருகின்றன. நிலா வெளிச்சத்தின் தொந்தரவே இருக்காது. போதாக்குறைக்கு அன்று முழுச் சூரிய கிரகணம், ஐஸ்லாந்திலும் ஸ்பெயினிலும். நமக்கு அந்நேரம் ராத்திரி 11 மணி. "கிரகணம் அவங்களுக்கு, பனிமூட்டம் நமக்கு. பங்கு சரியாத்தான் பிரிச்சிருக்காரு" என்று நர்ஸ் அக்கா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அக்டோபர் 4-ல் சனி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அதற்குப் பொதுமக்களைக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தது. போன தடவை "சனியைக் காண வாரீர்" என்று நான்தான் நோட்டீஸ் அடித்தேன். ஒரு ஆள் வரவில்லை. டீக்கடையில் ஒருவர் என்னை மடக்கி, "அவரு நம்மளப் பாக்கக் கூடாதுன்னுதான் வாராவாரம் எள்ளு விளக்குப் போடுறோம். நீங்க என்னடான்னா வீடு தேடிப் போய் எட்டிப் பாக்கச் சொல்றீங்க" என்றார். நியாயமான கேள்வி. இந்தத் தடவை "வளையம் காண வாரீர்" என்று போடுவதாக முடிவு. அதிலும் ஒரு சிக்கல். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது. இப்போதுதான் மெல்லச் சாய்ந்து வருகிறது. தொலைநோக்கியில் பார்த்தால் எலுமிச்சம்பழத்தில் ஊக்குக் குத்தின மாதிரி இருக்கும். கூட்டத்துக்குக் காட்டினால் காசைத் திருப்பிக் கேட்பார்கள். காசு வாங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 13 ராத்திரி ஜெமினிட் எரிகற்கள். பிறை பத்து மணிக்குள் இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையும் அதற்குள் இறங்கிவிட்டால் யோகம்.

கடைசியில் கையில் தங்கியது மார்ச் 3. மாசிப் பௌர்ணமி, சந்திர கிரகணம். முழுக் கிரகணம் சாயங்காலம் ஐந்தரைக்கே முடிந்துவிடும், அப்போது நிலா நமக்கு உதித்தே இருக்காது. ஆறரையை ஒட்டி எழும்பும்போது கொஞ்சம் கடித்த தோசை மாதிரி வரும், 6.47-க்கு நிழல் விலகிவிடும். ஆக மொத்தம் இருபது நிமிடம், அதுவும் அடிவானத்தை ஒட்டி. "கிழக்கே ஒரு மரம், ஒரு மேடு, ஒரு தண்ணி டேங்கு இருக்கக் கூடாது" என்றார் மாஸ்டர். மலையில் இருந்துகொண்டு மேடு இருக்கக் கூடாது என்றால் எங்கே போவது? அந்த ஒரு வரிக்கு மட்டும் கேள்விக்குறி போட்டுக் கூட்டத்தை முடித்தோம்.

வருடத்தின் முதல் நிகழ்ச்சி ஜனவரி 18, தை அமாவாசை. பூம்பாறை தாண்டி, ஜீப் அண்ணனின் மச்சானுக்கு ஒரு பூண்டுத் தோட்டம். படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காகப் பாத்தி, சுற்றிலும் கும்மிருட்டு. மச்சானிடம் சொல்லியாகிவிட்டது. மச்சான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இனி நடந்ததில் எங்கள் தப்பு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொலைநோக்கி எட்டு அங்குல டாப்சோனியன். நாலடி நீளக் குழாய். தூசி படக் கூடாதென்று மாஸ்டர் அதை வெள்ளை வேட்டியில் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு கட்டியிருந்தார். ஜீப்பிலிருந்து இறக்கி, தலைமாட்டில் நானும் கால்மாட்டில் தம்பியுமாக வரப்பில் தூக்கிக்கொண்டு நடந்தோம். அடிப்பலகை ஆடாமல் உட்கார வேண்டுமே என்று ஜீப் அண்ணன் மண்வெட்டியால் தரையைக் கொத்திச் சமன் செய்தார். இருட்டில் யாரும் காலால் தட்டிவிடாமலிருக்க நர்ஸ் அக்கா அதைச் சுற்றிக் கோலமாவில் ஒரு வட்டம் போட்டார். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதனால் டார்ச்சுகளுக்கெல்லாம் சிவப்புக் கண்ணாடித்தாள். பால் கொண்டுபோனால் திரிந்துவிடும் என்று லெமன் டீ, அதற்கு நாலு எலுமிச்சம்பழம் பலகை மேல். எல்லாம் ஆனபின் மாஸ்டர் நடுவில் நின்று, கையை உயர்த்தி, உச்சியிலிருந்து கிழக்கு நோக்கி ஒவ்வொன்றாகக் காட்டிக் கணீரென்று ஆரம்பித்தார்.

"கார்த்திகை… ரோகிணி… மிருகசீரிஷம்… திருவாதிரை…"

மேல் பாத்தியில் நாய் குரைத்தது. அடுத்த நொடி நாலைந்து டார்ச் வெளிச்சம் ஒரேயடியாக எங்கள் முகத்தில்.

"யார்ரா அது!"

அந்த இடத்தில் நல்ல மனுசன் என்ன செய்வான்? பேரைச் சொல்வான், ஊரைச் சொல்வான். நாங்கள் ஐந்து பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரே குரலில் கத்தினோம்:

"லைட்ட அணைங்க!"

எங்களுக்குக் கண் போச்சே என்ற ஆத்திரம். அவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. கம்போடு எட்டுப் பத்துப் பேர் இறங்கி வந்தார்கள். வெளிச்சம் மண்வெட்டியில் நின்றது, கோலமாவு வட்டத்தைச் சுற்றியது, எலுமிச்சம்பழத்தில் வந்து உறைந்தது.

"புதையல் எடுக்க வந்திருக்காய்ங்கப்பா. தை அமாவாசையாப் பாத்து வந்திருக்காய்ங்க."

"கோழி எங்கடா?"

"கோழி இல்லைங்க" என்றான் தம்பி, ஏதோ வாங்க மறந்துவிட்ட மாதிரி. அவனை முறைத்தேன்.

மாஸ்டர் வகுப்பறைக் குரலுக்கு மாறினார். "பாருங்கய்யா, இது டாப்சோனியன் வகை ஒளியெதிரொளிப்புத் தொலைநோக்கி, குவியத் தூரம் ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர்…"

"பாத்தியா, மந்திரம் சொல்றான்!"

மச்சானுக்கு போன் போட்டால் சிக்னல் இல்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கம்பளி போர்த்தி, கையில் தடி. ஊரில் நாள் பார்த்துச் சொல்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

"நட்சத்திரம் பாக்க வந்தவுக சரி. இப்ப குரு எங்க நிக்கிறாரு, சொல்லுங்க பாப்போம்."

மாஸ்டர் தலைக்கு மேலே பார்க்கக்கூட இல்லை. "மிதுனத்துல. புனர்பூசத்துக்கிட்ட."

பெரியவர் ஒரு நொடி நிறுத்தினார். "நேர்கதியா, வக்ரமா?"

"வக்ரம்."

தடி கீழே இறங்கியது. "ஆளு வெவரமானவருதான். விடுங்கப்பா" என்றார். அறிவியலுக்காக முப்பது வருடம் சாக்பீஸ் தேய்த்த மனிதரைக் கடைசியில் காப்பாற்றியது பஞ்சாங்கம். மாஸ்டர் இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

விட்டாரா மாஸ்டர்? வக்ரம் என்றால் வியாழன் உண்மையில் பின்னால் போவதில்லை என்று அங்கேயே பாடம் ஆரம்பித்துவிட்டார். புரியவைத்தது ஜீப் அண்ணன். "மலை ரோட்டுல லாரிய ஓவர்டேக் பண்றோம்ல? அவனும் முன்னாடிதான் போறான். நம்ம ஜன்னல்ல பாத்தா அவன் பின்னால போற மாதிரி இருக்கும்ல? நம்ம பூமி உள்வட்டத்துல வேகமா ஓடுது, குருவ ஓவர்டேக் பண்ணுது. அம்புட்டுத்தான்." ஜனவரி 10-ல்தான் தாண்டியிருந்தோம். வியாழன் ஜோராக மின்னிக்கொண்டிருந்தது.

முதலில் பார்க்க வந்தது பெரியவர் வீட்டு அப்பத்தா. கண்ணாடிக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனதும் பார்க்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் தோட்டத்தைப் பார்த்தார். மாற்றச் சொன்னதும் இரண்டையும் மூடினார். நர்ஸ் அக்கா, சொட்டு மருந்து விடுகிற பதத்தில், ஒரு கண்ணை மெல்லப் பொத்திவிட்டார். மூக்குத்தி கண்ணருகு லென்ஸில் 'டிக்'கென்று பட்டது. மூச்சுக் காற்றில் கண்ணாடி பனித்தது, துடைத்தோம். அப்புறம் அப்பத்தா அசையவில்லை.

"தட்டு மாதிரி வெள்ளையா இருக்கு. குறுக்க ரெண்டு கோடு. பக்கத்துல வரிசையாப் பொட்டு பொட்டா என்னாடி அது?"

"அதோட நிலாக்கள், ஆத்தா" என்றார் அக்கா. 1610-ல், இதே ஜனவரியில், கலிலியோ முதலில் பார்த்ததும் அந்தப் பொட்டுகளைத்தான்.

"நமக்கு ஒண்ணு, அதுக்கு மட்டும் இம்புட்டா?" அப்பத்தா குரலில் வீட்டுப் பாகப்பிரிவினைக் கோபம். திடீரென்று, "ஏய், ஓடுது! ஓரத்துக்குப் போகுது!" என்றார்.

மோட்டார் இல்லாத தொலைநோக்கி அது. பூமி சுற்றச் சுற்ற, இரண்டு நிமிடத்துக்குள் வியாழன் வட்டத்தை விட்டு நழுவிவிடும். குழாயைத் தள்ளித் தள்ளித் திரும்பப் பிடிக்க வேண்டும். "அது ஓடல ஆத்தா, நம்மதான் சுத்துறோம்" என்றேன். அப்பத்தா ஒரு கையால் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், விழுந்துவிடுவோமோ என்கிற மாதிரி.

அதற்குப் பிறகு வரிசை. கம்பு கொண்டுவந்தவர்கள் கம்பை வரப்பில் சாத்திவிட்டு நின்றார்கள். "மேற்கே சனியும் கொஞ்ச நேரம் இருக்கும், பாக்குறீங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். வரிசை மொத்தமும் ஒரு எட்டுப் பின்னால் போனது. வக்ரம்.

பத்து மணிக்குப் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடியது. சங்கத்தார் ஐந்து பேரும் அன்றைக்கு உருப்படியாக எதையும் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊருக்கே டீ போட்டோம். கிளம்பும்போது அப்பத்தா ஒரு பை நிறைய மலைப்பூண்டு கொடுத்து, "ஆடி அமாவாசைக்கும் வாங்க" என்றார். வீட்டில் பூண்டைக் கொடுத்தேன். "புதையல்ல உங்க பங்கு இதுதானா?" என்றாள் மனைவி. செய்தி எனக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. கடைத்தெருவில் எங்களுக்கு இப்போது பேர், அமாவாசைக் கமிட்டி.

மூன்றாம் நாள் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒருவர் வந்தார். பெருமாள்மலைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டுக் கவுண்டரில் குனிந்தார்.

"அடுத்த அமாவாசை என்னைக்குண்ணே?"

"பிப்ரவரி 17."

"எங்க தோட்டத்துலயும் ஒரு எடம் இருக்கு. தாத்தா காலத்துலருந்தே சொல்லுவாக, அங்க என்னமோ இருக்குன்னு. நீங்க வந்து அந்தக் குழாய வச்சு ஒரு தடவை பாத்தீங்கன்னா… கோழி நான் வாங்கிர்றேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மாஸ்டருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தோட்டத்துல கிழக்குப் பக்கம் மரம் ஏதும் மறைக்குமான்னு கேளு" என்றார்.