அழிக்கப்பட்ட எட்டு

என் மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 48ஐ 6ஆல் வகுத்து 8 என்று சரியாகவே எழுதியிருந்தாள். "நல்லாப் பார்த்தியா?" என்று நான் பேச்சுவாக்கில் கேட்டதுதான் தாமதம், நோட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள், ரப்பரை எடுத்துத் தாள் கிழியும் அளவுக்கு அந்த எட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, "அப்போ ஏழா?" என்றாள்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் கணித்ததில் பிழையில்லை. வகுப்பில் சரியான விடைக்கு "சரி, உட்கார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தவறான விடைக்குத்தான் மறுகேள்வி வரும். ஆகவே மறுகேள்வி வந்தாலே விடை தவறு என்று பல ஆண்டுப் பழக்கம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. கணக்கைவிட, கேட்பவரின் முகத்தைப் படிப்பதில் அவள் தேர்ந்திருக்கிறாள்.

பிரான்சின் கிரெனோபிள் நகரில், சுமார் 1980இல், கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 குழந்தைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோவொரு விடையைக் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு; எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டுக்கும் வயதுக்கும் தொடர்பில்லை என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆசிரியர் கொடுத்த கணக்கில் பிழை இருக்காது, ஆகவே பிழை தன் புத்தியில்தான் என்று அவர்கள் முடிவுகட்டியிருக்க வேண்டும்.

இதற்குக் கொடுமைக்கார ஆசிரியர் தேவையில்லை, அவசரமே போதும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான் என்று கண்டார். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது; பதிலைக்கூடக் கேள்விபோல இழுத்து, "சரிதானே?" என்ற தொனியில் சொல்வதும் குறைந்தது.

இப்போதெல்லாம் விடை சரியோ தவறோ, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று இரண்டுக்கும் ஒரே குரலில் கேட்கப் பழகிவருகிறேன். முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று நோட்டைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறேன். அவளோ தலையைச் சாய்த்து, கீழேயிருந்து என் முகத்தைப் பார்க்க முயல்கிறாள்.