எங்க வாசல்

உச்சிப்புளிப் பக்கம் வீடு. கடல் காத்துல கேட் முழுக்கத் துரு. போன தடவை நேரா பெயிண்ட் அடிச்சு, ஆறே மாசத்துல பொரிஞ்சு வந்துடுச்சு. இந்தத் தடவை முதல்ல நல்ல தண்ணி ஊத்தி உப்பு போகக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துருவைத் தடுக்குற ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டு. அதுக்கு மேலதான் நீலம். கழுவுறத மட்டும் விட்டுடாதீங்க மக்களே!

வேலிக்குப் பனை மட்டை. அம்மாவே கட்டுனாங்க, பச்சை ஓலை வாசம் இன்னும் போகல.

செடிக்குக் காகிதப்பூ போதும், மணல்லயும் நல்லா வரும். அரளியும் தாங்கும், ஆனா விஷம். ஆடும் பிள்ளைகளும் இருக்குற வீடு, வைக்கல. வேரைச் சுத்தித் தேங்காய் மட்டை புதைச்சிருக்கோம், ஈரம் நிக்குது.

காலையில கோலம் போட்டுட்டு அம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.