ஏற்காட்டின் இருபது வளைவுகளும் எங்கள் ஜிபிஎஸ் கருவியும்

எங்கள் சின்னவனுக்கு மலைப்பாதை ஆகாது. ஊட்டியோ வால்பாறையோ, நாலாவது ஐந்தாவது வளைவிலேயே முகம் வெளிறிவிடும், அப்புறம் வண்டியை ஓரங்கட்டி, வாய் கொப்பளிக்க வைத்து, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தை மெதுவாகக் கடப்போம். அப்படிப்பட்டவன் 2022 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தி எடுக்காமல் ஏறினான். மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. டாஷ்போர்டுக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் கருவிதான் உதவியது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை, அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கருவி வாங்கியது 2015ல். ஐந்து அங்குலத் திரை, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஓடும், வரைபடம் முழுவதும் உள்ளே இருக்கும் மெமரி கார்டில். கையில் ஃபோன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஃபோனிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைக்கலாம் என்பது எனக்கும் தெரியும், ஆனால் ஃபோன் என்றால் நடுவில் அழைப்பு வரும், வெயிலில் கண்ணாடியருகே வைத்தால் சூடாகி மங்கும், பின்சீட்டில் யாராவது பாட்டுக் கேட்கக் கேட்பார்கள். இந்தக் கருவிக்கு ஒரே ஒரு வேலைதான், மலை ஏறும் நாளில் எனக்கு அந்த ஒன்று போதும்.

காலை ஐந்தரைக்குக் கோவையில் கிளம்பினோம். அம்மா, மனைவி, ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் சின்னவன், நான். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் கருவி கண் திறக்கவே இல்லை, செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் அலமாரியில் கிடந்த கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற கணக்கெல்லாம் பழசாகிப் போயிருக்கும், அதைப் புதிதாக வாங்கிக்கொள்ளத் திறந்த வானம் வேண்டும், கொஞ்ச நேரமும் வேண்டும். அதனால் தெருவுக்கு வந்து மரநிழல் இல்லாத இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று, ஊர் பெயரைப் போட்டோம். ஏற்காட்டுக்கு ஆங்கில எழுத்து ஒய்யில் தொடங்குகிறது, இ என்று அடித்தால் கிடைக்காது. முதல் தடவை போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பெயர்கள் பாதிக்கு மேல் வெள்ளைக்காரன் காலத்து எழுத்துக்கூட்டலில்தான் கருவிக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

பெருந்துறை, பவானி, சங்ககிரி என்று நெடுஞ்சாலை நேராக ஓடியது, சொல்ல ஒன்றும் இல்லை. கருவியும் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை.

சேலத்துக்குள் நுழைந்து, சூரமங்கலத்தில் பெரியம்மா வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஐந்து ரோடு பக்கம் வந்தபோதுதான் முதல் சிக்கல். அங்கே ஈரடுக்கு மேம்பாலம் 2020ல் திறந்தாகிவிட்டது, எங்கள் கருவிக்குள் இருந்த வரைபடமோ அதற்கு முந்தையது. மேம்பாலத்தில் ஏறியதும் திரையில் எங்கள் கார் ரோடே இல்லாத வெற்றிடத்தில் போய்க்கொண்டிருந்தது, திரும்பு திரும்பு என்று குரல் வேறு. வரைபடம் புதிதாக இருந்திருந்தாலும் இந்த மாதிரி இடத்தில் சிரமம்தான். ஜிபிஎஸ் கணக்கில் நாம் தரையில் எங்கே இருக்கிறோம் என்பது வருகிற அளவுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது துல்லியமாக வருவதில்லை, ஆகவே பாலத்துக்கு மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று கருவி தடுமாறும். இரண்டு அடுக்கு வைத்துக் கட்டிய பாலத்தில் கேட்கவே வேண்டாம். குரலை நிறுத்திவிட்டு, அஸ்தம்பட்டி என்ற பலகையைப் பார்த்தே போனேன். நகருக்குள் பலகைதான் பெரியது என்பது என் கருத்து. வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் புதுப்பிக்காமல் விட்டது என் தவறு, ஊருக்குத் திரும்பிய மறுநாளே அதைச் செய்தேன்.

மலை அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே மகள் கேட்டாள், "அப்பா, மேலே போகப்போக ஃபோன்ல டவர் இருக்காதுன்னு சொன்னீங்களே, அப்ப இதுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. டவருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது என்று அவளுக்குச் சொன்னேன். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா பறக்கவிட்ட செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் உள்ளே அணுக்கடிகாரம் வைத்துக்கொண்டு "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வந்தும் நம்மிடம் சேர ஒரு நொடியில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. எந்தக் கோளின் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது கருவி. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று கோள் போதுமே என்று தோன்றும், ஆனால் காரில் இருக்கும் கருவியின் கடிகாரம் அணுக்கடிகாரம் அளவுக்குச் சரியானதில்லை, அந்தப் பிசகைக் கழிக்க நாலாவது ஒன்று வேண்டும். கருவி கேட்க மட்டும்தான் செய்கிறது, பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை, அதனால்தான் டவர் தேவையில்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள்.

சரி, வளைவுக்கு வருகிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போக அங்கே இருப்பது ஒரே ரோடு, வழி தவற முடியாது. அப்படியானால் கருவிக்கு அங்கே என்ன வேலை என்று நானும் நினைத்திருந்தேன். மகள்தான் ஒன்றைக் கவனித்தாள். வண்டி ஓட்டுகிற எனக்கு மட்டும் மலையில் தலைசுற்றுவதே இல்லை, ஏன் என்று கேட்டாள். அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும், உடம்பு தயாராக இருக்கும். பின்சீட்டில் குனிந்து உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு திரும்புகிறோம் என்கிறது, கண்ணோ முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு அசையவே இல்லை என்கிறது, அந்தச் சண்டையில்தான் வயிறு புரட்டுகிறது. அப்படியென்றால் தம்பிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்றாள்.

அப்படியே செய்தோம். மனைவி பின்னால் போக, மகள் முன்சீட்டுக்கு வந்தாள். சின்னவனை நடுவில், முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி உட்கார வைத்தோம். கருவியில் தானாகப் பெரிதாகிச் சிறிதாகும் அமைப்பை நிறுத்தி, அடுத்த இருநூறு முந்நூறு மீட்டர் மட்டும் எப்போதும் தெரிகிற அளவில் வைத்தேன், வண்டி போகும் திசை மேலே இருக்கும்படியும் மாற்றினேன். இதையெல்லாம் வண்டி நிற்கும்போதே செய்துவிட வேண்டும், ஓடும்போது திரையைத் தொடுவதில்லை என்பதில் நான் கறாராக இருப்பேன். அப்புறம் மகள் ஆரம்பித்தாள். "இடது, சின்னது. நேரா. வலது, பெருசு, கொண்டை ஊசி மூணு." சின்னவன் வலது என்றதும் வலப்பக்கம் சாய்ந்தான், இடது என்றதும் இடப்பக்கம். ஏழாவது வளைவுக்குள் அது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. பாட்டியும் சேர்ந்து சாய்ந்தார். எனக்குமே அது பயன்பட்டது, வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து ஹாரன் அடித்துவிடுவேன், இறங்கி வரும் பஸ் எதிரே வந்தாலும் பதற்றம் இல்லை.

எட்டு ஒன்பது வளைவு தாண்டியதும் கருவி ஒருமுறை குழம்பியது. ஒருபக்கம் செங்குத்தான பாறை, மேலே மரக்கிளைகள் கவிந்த இடம். செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தால் தூரக்கணக்கு சில மீட்டர் பிசகும், சமவெளியில் அந்தப் பிசகு தெரியாது. இங்கே நாம் சற்றுமுன் ஏறி வந்த ரோடு காலடியிலேயே, கொஞ்சம் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. அம்புக்குறி டக்கென்று கீழ் ரோட்டுக்குத் தாவி, நாங்கள் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. மகள் உடனே, "தம்பி, இப்ப இது தப்பு சொல்லுது, ரோட்டைப் பாரு" என்று கண்ணாடிக்கு வெளியே கைகாட்டினாள். நல்ல பிள்ளை, திரையையே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பத்து நொடியில் சரியாகிவிட்டது.

சின்னவன் கவனித்தது வேறு, ஓரத்தில் ஓடும் உயர எண்ணை. சேலத்தில் 280 மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது, ஏரிக்கரை வரும்வரை ஏறிக்கொண்டே போனது. காது அடைத்தபோதெல்லாம் அந்த எண்ணைப் படித்துச் சொன்னான். மறுநாள் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம், சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிற குகைக்கோயில், 5,326 அடி உயரம். அம்மா குனிந்து உள்ளே போய்க் கும்பிட்டு வரும்வரை பிள்ளைகள் வெளியே காற்றில் நின்றார்கள். அடியை மீட்டராக்கினால் 1,623, கருவி காட்டியது 1,640. சின்னவன் அந்தப் பதினேழு மீட்டர் எங்கே போயிற்று என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். மேம்பாலத்தில் நடந்ததைத்தான் திரும்பச் சொன்னேன்.

அன்று சாயங்காலம்தான் தப்பு நடந்தது. கோயிலிலிருந்து நாங்கள் தங்கிய விடுதிக்குத் திரும்ப விலாசம் போட்டபோது கருவி 'மிகக் குறைந்த தூரம்' என்ற அமைப்பில் இருந்ததை நான் பார்க்கவில்லை. பனி இறங்க ஆரம்பித்திருந்தது. தார் ரோட்டை விட்டு சிமெண்ட் ரோடு, அதை விட்டு மண்பாதை, இரண்டு பக்கமும் காபிச் செடிகள், சிவப்பாகப் பழுத்துத் தொங்குகின்றன, நடுநடுவே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கிறது, பார்க்க அழகுதான், ஆனால் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. கடைசியில் பூட்டிய கேட். காபிப் பழம் பறித்துவிட்டுக் கூடையோடு வந்த ஓர் அக்கா நின்று, "இது எஸ்டேட்டு வழிங்க, இதோட முடிஞ்சிருதுங்க. டிராக்டருதான் வருமுங்க, காரு வராதுங்க" என்றார். மனைவி கீழே இறங்கி டார்ச் அடிக்க, முந்நூறு மீட்டர் பின்னாலேயே ஓட்டி வந்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, முருகா என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தார் ரோட்டுக்கு வந்தும் பனியில் எந்தத் திருப்பத்தில் பிசகினோம் என்று தெரியவில்லை. அப்போது கைகொடுத்தது கருவிதான். நாங்கள் வந்த தடத்தைக் கோடாகப் பதிந்து வைத்திருந்தது, அந்தக் கோட்டையே பிடித்துக் கோயில் பிரிவுவரை வந்து, அங்கிருந்து பெரிய ரோட்டில் விடுதிக்குப் போனோம்.

மலைக்குப் போகிறவர்கள் 'குறைந்த தூரம்' வேண்டாம், 'குறைந்த நேரம்' என்று வையுங்கள். மண்பாதையைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து முழு வழியையும் திரையில் ஒருமுறை நகர்த்திப் பார்த்துவிட வேண்டும், அதை அன்று நாங்கள் செய்யவில்லை.

திரும்பும் நாளில் கூட்டம் அதிகம், ஒண்டிக்கடை ரவுண்டானாவில் வண்டிகள் தேங்கி நின்றன. விடுதிக்காரர் குப்பனூர் வழியாக இறங்கச் சொல்லியிருந்தார். கருவிக்கு அது பிடிக்கவில்லை, வந்த வழிக்கே திரும்பச் சொன்னது. இந்த முறை கிளம்பும் முன்னாலேயே கொட்டச்சேட்டையும் குப்பனூரையும் இடைப்புள்ளிகளாகப் போட்டேன், உடனே அந்த வழியையே தன் வழியாக எடுத்துக்கொண்டது. கிராமங்கள் வழியே ரோடு ஒதுக்குப்புறமாக இறங்குகிறது, வண்டி குறைவு. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று இரண்டாவதிலேயே இறக்கினேன். அயோத்தியாப்பட்டணம் வந்து சேலத்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது, ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம், இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வைத்துக் கொடுத்தார்கள். சின்னவன் மூன்று பிளேட் சாப்பிட்டான். மலை இறங்கிய கையோடு அவன் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

வண்டிக்குள் மகள் அடுத்த விடுமுறைக்குக் கொல்லிமலையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அங்க எத்தனை வளைவுக்கா?"

"எழுபது."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ முன்னாடியே சொல்லிருவியில்ல?" என்று மட்டும் கேட்டான்.