நானே உடைத்த தரை

31 ஆண்டுகளாக மண்டியிட்டுப் பிழைக்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், டைல்ஸ் பதிப்பது என் தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். அப்புறம்தான் வீட்டுக்காரர் முகம்.

நில அளவை படிக்கும் என் மகன் போன மாதம் கணினியில் ஒரு தரையைக் காட்டினான். சிசிலித் தீவில் உள்ள வில்லா ரொமானா டெல் காசாலே. நான்காம் நூற்றாண்டில் கட்டிய ரோமானியப் பணக்காரர் மாளிகை. சுமார் 3,500 சதுர மீட்டர் முழுக்கச் சிறு கற்களால் இழைத்த சித்திரம். ஒற்றை மாடி வீட்டுக்கு 100 சதுர மீட்டர் என்று வைத்தால் 35 வீடுகள்! 60 மீட்டருக்கும் நீளமான ஒரு தாழ்வாரத்தில் விலங்குகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அதன் ஒரு கோடியில் யானைத் தந்தம் ஏந்திய பெண். பக்கத்தில் யானை, புலி. அவள் இந்தியாவின் உருவம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்களாம். என் மனைவி எட்டிப் பார்த்து, "நம் அம்மன்தானே இது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு அடித்தளம்தான் முக்கியம். அடியில் பெரிய கல், மேலே சல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேலே நொறுக்கிய ஓடு மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் இந்தக் கணக்கை எழுதியே வைத்திருக்கிறார். இன்றைக்குச் சிலர் மணலைக் கொட்டி ஒப்பேற்றிவிட்டுப் போகிறார்கள். ஆறு மாதத்தில் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மண்சரிவு அந்த மாளிகையை மூடியது. மூடியதால்தான் தரை பிழைத்தது. தோண்டி எடுத்த பிறகு வெயில், ஈரம், பார்வையாளர் கூட்டம் என்று எல்லாத் தொல்லையும் வந்துவிடும். இப்படிப்பட்ட தரைகளை இப்போது படமெடுத்துப் பாதுகாக்கிறார்கள். ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழும்படி நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே கல் பல படங்களில் எங்கெங்கே தெரிகிறது என்று கணினி ஒப்பிட்டு, மேடுபள்ளத்தோடு தரையை மீண்டும் உருவாக்கும். அளவுகோல் ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவு பிசகாது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் எந்த இடம் இறங்கியிருக்கிறது என்று தெரியும். நான் உளியின் பின்புறத்தால் தட்டிப் பார்ப்பதற்கு இது அண்ணன்.

கேட்கக் கேட்க எனக்கு வயிறு கலங்கியது. 2009இல் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பூப்போட்ட சிமெண்டு ஓடுகளைப் பெயர்த்துவிட்டு, வெள்ளை டைல்ஸ் பதித்தவன் நான்தான். சிவப்பும் பச்சையுமாக நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் கொடி. இரண்டு நாள் சம்மட்டி வேலை. உடைந்ததை லாரியில் ஏற்றியபோது ஒரு படம்கூட எடுக்கத் தோன்றவில்லை. கூலி மட்டும் சரியாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த மண்டபத்தில் கல்யாணம் செய்த பழைய லயத்துக்காரர்களின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களின், ஆல்பங்களைத் தேடி அலைகிறேன். மணமக்களை யார் பார்த்தார்கள்? புடவைக் கரைக்குக் கீழே தெரியும் தரை ஓடுகளைத்தான் மகன் பெரிதாக்கிச் சேர்க்கிறான். தாமரை முழுதாகக் கிடைத்துவிட்டது, மூன்று மூலைகளும் கிடைத்துவிட்டன. நான்காவது மூலையில் எல்லாக் கல்யாணத்திலும் குத்துவிளக்கை வைத்துத் தொலைத்திருக்கிறார்கள்.